அப்புத்தளையில் லிப்டன் சீட், அடிசம் தவிர வேறென்ன பார்க்கலாம்?

மட்டுநகர்த் தங்கை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பிலிருந்து வேலை மாற்றலாகி மலைநாட்டு அப்புத்தளைக்கு வந்திருக்கிறேன். டவுனுக்குக் கொஞ்சம் மேலே ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். குளிர் இன்னும் பழகவில்லை. ஊரில் மின்விசிறி நின்றால் தூக்கம் போய்விடும், இங்கே காலுறை போட்டுக்கொண்டு படுக்கிறேன்.

அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "லிப்டன் சீட் மலைக்குப் போங்க, அடிசம் பங்களா பாருங்க, அதோட அப்புத்தளை முடிஞ்சுது." இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமாம். எனக்கு இங்கே எப்படியும் சில வருஷம் இருக்கிறது. மீதி சனி ஞாயிறுகளில் அறைக்குள் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

வெளிநாட்டுக்காரர்களுக்குக் கொடுக்கிற பட்டியல் வேண்டாம். இந்த ஊரில் வளர்ந்தவர்கள் வீட்டுக்கு வந்த சொந்தக்காரரை எங்கே கூட்டிப்போவீர்கள்? எந்த ரோட்டில் எந்த நேரம் நடந்தால் நல்லது? என்னிடம் வாகனம் இல்லை. பஸ், ரயில், கால் மூன்றும்தான். பெண் பிள்ளை தனியாக நடக்கலாமா என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

இன்னொரு சின்னக் கேள்வி. காலையில் என் ஜன்னலால் பார்த்தால் தெற்கே வெகு கீழே சமதரையில் ஒரு பெரிய தண்ணீர் பளபளக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து பார்த்தால் தண்ணீரும் இல்லை, தரையும் இல்லை, எல்லாம் வெள்ளை. வீட்டுக்கார அம்மா "அது கடல்" என்கிறார். கடற்கரையில் பிறந்த எனக்கு அது கடல் மாதிரித் தெரியவில்லை. அது என்ன?

ஸ்டேண்ட் அண்ணன் எழுதியது:

வாங்க தங்கச்சி. நான் டவுன் ஸ்டேண்டில் ஆட்டோ ஓட்டுகிறவன். பிறந்தது தம்பேதன்னை ரோட்டில் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில். என் பிழைப்பில் நானே மண் அள்ளிப் போடுகிற ஒரு விஷயம் சொல்கிறேன்: கொஞ்ச நாளைக்கு ஆட்டோ பிடிக்காதீர்கள். ஏறினீர்கள் என்றால் நாங்கள் நேரே லிப்டன் சீட்டுக்குத்தான் கொண்டுபோவோம். எங்களுக்குக் கட்டுப்படியாகிற ஹயர் அதுதான்.

முதலில் அந்தத் தண்ணீர். அது உடவளவை நீர்த்தேக்கம். வீட்டுக்கார அம்மா சொல்வதும் முழுக்கப் பிழையில்லை. வானம் நன்றாக வெளுத்திருக்கிற காலையில் அதற்கும் அப்பால் தென்கரைக் கடல் கோடு போட்டதுபோல் தெரியும். நம்ம டவுன் ஏறக்குறைய 1,430 மீற்றர் உயரத்தில், மலைத்தொடர் கொஞ்சம் தாழ்ந்து கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. வடக்கே பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் மேடும் பள்ளமுமாகப் போகும். தெற்கே பெரகலை, ஹல்துமுல்லை என்று கிடுகிடுவென இறங்கிவிடும். அந்தப் பக்கம் கண்ணை மறைக்க வேறு மலையே கிடையாது.

மத்தியானம் எல்லாம் மறைவதற்கும் அதுதான் காரணம். கீழே தரை சூடேறச் சூடேறக் காற்று மேலே கிளம்பும். மலைச்சுவரில் ஏறி வரும்போது குளிர்ந்து முகிலாகிவிடும். அந்த முகில் டவுனுக்குள் நுழைகிற வாசல் இந்தத் தாழ்ந்த இடம். பத்து பதினொரு மணிக்கு மெயின் ரோட்டில் நின்று பாருங்கள். முதலில் கடைக் கோடியில் இருக்கிற போர்டு மறையும், அப்புறம் பஸ் மறையும், கொண்டக்டர் "பண்டாரவளை, பண்டாரவளை" என்று கூப்பிடுகிற குரல் மட்டும் வரும். அதனால் கணக்கு சுலபம். தெற்கே பார்க்க வேண்டியதை எல்லாம் விடியக் காலையில் பாருங்கள். சந்தை, கோயில், பேக்டரி, கடைத்தெரு எல்லாம் அதற்குப் பிறகு. வருகிற ஆட்களில் பாதிப்பேர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு "ஒண்ணுமே தெரியலை" என்று எங்களிடம் சண்டைக்கு வருகிறார்கள்.

உங்கள் ஊர்க் கச்சான் காற்றுக்கும் எங்களுக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. தென்மேற்குக் காற்று மழையை எல்லாம் அட்டன், நுவரெலியாப் பக்கம் கொட்டிவிட்டு மலையைத் தாண்டி எங்கள் பக்கம் வெறுங்கையோடு வரும். அதே காற்று இன்னும் இறங்கிச் சூடாகி மட்டக்களப்பைக் காய வைக்கிறது. அந்தக் காய்ச்சலில் இங்கே தேயிலை மெதுவாகத்தான் துளிர்க்கும், ஆனால் வாசம் ஏறிவிடும். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி மவுசு என்றால் அந்தக் காற்றுதான் காரணம். அந்த மாதங்களில் குடையை நம்பி வெளியே போகாதீர்கள், குடைதான் உங்களைக் கூட்டிக்கொண்டு போகும்.

சரி, ரோட்டுக்கு வருவோம். நான் சொந்தக்காரர் வந்தால் கூட்டிப்போவது தம்பேதன்னை ரோடு. டவுனிலிருந்து பஸ் இருக்கிறது, தோட்டத்து ஆட்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஏறுகிற பஸ். பேக்டரி வரைக்கும் டிக்கெட் எடுத்தாலும் பாதியில் இறங்கிவிடுங்கள். பிட்டரத்மலை தாண்டி எங்கே இறங்கினாலும் நல்லது. அதற்குப் பிறகு ரோடு மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு போகும், ஒரு பக்கம் தேயிலை மேலே ஏறும், மறுபக்கம் கீழே இறங்கும். பெரிய ஏற்றம் கிடையாது.

அந்த வழியில் பார்க்க வேண்டியது கொழுந்து நிறுக்கிற மடுவம். போர்டு எதுவும் இருக்காது. ரோட்டோரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, அவ்வளவுதான். மத்தியானத்துக்கு முன்னால் ஒரு தடவையும் பின்னேரம் ஒரு தடவையும் நிறுவை நடக்கும். இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிய பெண்கள் வரிசையாக வந்து கொழுந்தை இறக்குவார்கள். கணக்கப்பிள்ளை கையை உள்ளே விட்டுக் கிளறுவார். முற்றல் இலையோ காம்போ இருந்தால் முகம் மாறும். அப்புறம் தராசில் கொளுவுவார். இப்போது பல இடங்களில் எண் காட்டுகிற தராசு வந்துவிட்டது, ஆனாலும் வாய்ச்சண்டை குறையவில்லை. காரணம், நிறுத்த பாரத்தில் சாக்குக்கு இவ்வளவு, தண்ணீருக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். மழை நாளில் கழித்தால் யாரும் பேச மாட்டார்கள். வெயில் சுள்ளென்று அடிக்கிற நாளில் "ஐயா, இதுல எங்க தண்ணி இருக்கு?" என்று ஒரு அக்கா கேட்பார் பாருங்கள், அந்தக் கேள்விக்கு இதுவரை நேரான பதில் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், நாளுக்கு 18 கிலோ, 20 கிலோ என்று ஒரு அளவு வைத்திருப்பார்கள். குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம். எங்கள் அம்மாயி ரப்பர் வளையல் மாதிரிச் சிலதைக் கையில் போட்டிருப்பார், ஒரு நிறுவைக்கு ஒன்று கழற்றுவார், கணக்கப்பிள்ளை எழுதிக்கொடுக்கிற துண்டை அவர் நம்பியதே கிடையாது.

கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள், போனை உடனே தூக்காதீர்கள். கேட்டுவிட்டு எடுத்தால் யாரும் மறுப்பதில்லை.

தம்பேதன்னை பேக்டரி தேயிலை வியாபாரி லிப்டன் 1890இல் கட்டியது. அவர் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கியதும் அந்த வருஷம்தான். காசு கட்டினால் உள்ளே கூட்டிப்போய்க் காட்டுவார்கள். மேல் மாடியில் கொழுந்தைப் பரப்பிக் காற்றடித்து வாட்டுவது, கீழே உருட்டுவது, புளிக்க விடுவது, சூட்டில் காய வைப்பது, சலிப்பது என்று வரிசையாகப் போகும். நான் சொல்வது மூக்கைத் தீட்டிக்கொண்டு போங்கள் என்பதுதான். மாடியில் வெட்டின புல் வாசம் அடிக்கும், உருட்டுகிற இடத்தில் பச்சை ஆப்பிள் மாதிரி ஒரு புளிப்பு, அடுப்புப் பக்கம் போனால்தான் நாம் குடிக்கிற தேயிலை வாசம். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து எடுக்காவிட்டால் திங்கட்கிழமை பெரும்பாலும் மெஷின் சும்மா கிடக்கும். உங்களுக்குச் சனிக்கிழமை தோது.

பேக்டரியிலிருந்து லிப்டன் சீட்டுக்கு ஏறக்குறைய 7 கிலோமீற்றர் ஏற்றம். உச்சி 1,970 மீற்றர் வரும். அங்கே லிப்டன் கையில் கோப்பையோடு சிலையாக உட்கார்ந்திருக்கிறார், எல்லோரும் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுங்கள், தப்பில்லை. ஆனால் ஏறுகிற வழியில் குனிந்து தேயிலைச் செடிகளுக்கு நடுவில் பாருங்கள். மண் கரையாமல் இருக்கக் கல்லை அடுக்கிக் கட்டிய அணைகள், தண்ணீர் வடிகிற கான்கள், சுண்ணாம்பும் இல்லை, சீமெந்தும் இல்லை. நூறு வருஷத்துக்கு மேலாக அப்படியே நிற்கின்றன. லிப்டன் உட்கார்ந்த இடத்துக்குப் போர்டு இருக்கிறது, அந்தக் கல்லை அடுக்கினவர்களுக்கு ஒரு போர்டும் இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்தான்.

மேலே ஒரு பெட்டிக்கடையில் ரொட்டியும் கட்டசம்பலும் கிடைக்கும். ஏறினவர்களுக்கு அது தேவாமிர்தம், ஆட்டோவில் வந்தவர்களுக்கு வெறும் ரொட்டி.

அடிசம் பற்றி நான் எழுதவில்லை. அது துரைமார் வீடு, பார்த்தால் பாருங்கள்.

கஹகொல்லை அக்கா எழுதியது:

ஸ்டேண்ட் அண்ணன் சொன்னதில் முக்கால்வாசிக்கு நானும் கை தூக்குகிறேன். ஆனால் அடிசத்தை அப்படி ஒதுக்கிவிட முடியாது. துரை கட்டின வீடுதான், தோமஸ் வில்லியர்ஸ் என்பவர், 1931இல் கட்டி முடித்தார். இங்கிலாந்தில் கென்ட் பக்கத்து ஊர் ஒன்றின் பெயரை வைத்தார். ஆனால் இன்றைக்கு அங்கே இருப்பது பெனடிக்ட் சபைத் துறவிகள். சனி, ஞாயிறு, போயா நாட்களில் திறந்திருக்கும், உள்ளே ஒன்றிரண்டு அறைதான் பார்க்க விடுவார்கள். எனக்கு அந்த அறைகள் முக்கியமில்லை. வாசலில் அவர்களே செய்த ஜாமும் பழப்பாகும் விற்கிறார்கள், கொய்யா ஜெலி கிடைத்தால் இரண்டு போத்தலாக வாங்குங்கள். அங்கே போகிற ரோடு டவுனிலிருந்து 3 கிலோமீற்றர் இருக்கும், மலை முகட்டோடு போகிறது, ஒட்டினாற்போல் தங்கமலைக் காடு. காலையில் போனால் பறவைச் சத்தம் காதை அடைக்கும். தேயிலை வருவதற்கு முன்னால் இந்த மலையெல்லாம் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள டவுனுக்குப் பக்கத்தில் அந்த ஒரு துண்டுதான் மிச்சம்.

தனியாக நடப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பகலில் தம்பேதன்னை ரோட்டில் பயமில்லை. அரை மைலுக்கு ஒரு லயம், யாராவது பெண்கள் நடந்துகொண்டுதான் இருப்பார்கள், "எங்க போறீங்க பிள்ளை?" என்று கேட்காமல் விட மாட்டார்கள். பதில் சொல்லிவிட்டுப் போங்கள், அதுவே பாதுகாப்பு. ஆனால் அடிசம் ரோட்டிலும் குறுக்குப் பாதைகளிலும் துணையோடு போங்கள். பின்னேரம் நாலரைக்கு மேல் பனி இறங்கிவிட்டால் இரண்டு அடிக்கு முன்னால் வருகிறவரைத் தெரியாது, வேன்களும் வளைவில் ஹோர்ன் அடிக்காமல் வரும். மழை பெய்த மறுநாள் புல்லில் கால் வைக்கிறதாக இருந்தால் சவர்க்காரத்தைக் கணுக்காலில் நன்றாகத் தேய்த்துக்கொள்ளுங்கள், அட்டை ஏறாது.

ஞாயிற்றுக்கிழமை சந்தையைத் தவற விடாதீர்கள். தோட்டத்துக்கு லீவு என்பதால் லயத்து ஆட்கள் எல்லாம் டவுனுக்கு வரும் நாள். லீக்ஸ், கரட், நோக்கோல், பீட்ரூட் எல்லாம் மண்ணோடு வந்து இறங்கும். வெலிமடை உருளைக்கிழங்கைக் கேட்டு வாங்குங்கள். மரத்தக்காளி என்று சிவப்பாக முட்டை வடிவத்தில் ஒரு பழம் இருக்கும், உங்கள் பக்கம் பார்த்திருக்க மாட்டீர்கள். தோலை உரித்துச் சீனி போட்டுப் பிசைந்து குடிக்கலாம், சட்னியும் அரைக்கலாம். மீன் கடையைப் பார்த்து மட்டும் மனதை வருத்திக்கொள்ளாதீர்கள். கருவாட்டுக் கடைக்குப் போங்கள். நெத்தலி, கட்டா, சுறா எல்லாம் குவிந்திருக்கும், மலையில் கறி இல்லாத நாளுக்குக் கருவாடுதான் கறி. கடைக்காரரிடம் எந்தக் கரையிலிருந்து வந்தது என்று கேளுங்கள். உங்கள் ஊர்ச் சரக்கும் இருந்தாலும் இருக்கும்.

பண்டாரவளை ரோட்டில் நடந்தால் சென் அன்ட்ரூஸ் தேவாலயம், 1869இல் கட்டியது. சின்னதுதான். கல்லறைகளில் தோட்டத் துரைமார் பெயர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்கள். இலங்கையைப் பற்றி ஆங்கிலத்தில் கவிதை எழுதிய வால்டர் ஸ்டான்லி சீனியர் என்ற பாதிரியாருக்கும் அங்கே கல் இருக்கிறது. கண்டி திரித்துவக் கல்லூரியில் படிப்பித்தவர், இங்கிலாந்தில் இறந்து சாம்பல் இங்கே வந்தது.

தியத்தலாவைக்கு பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். அது படை முகாம் ஊர். போயர் யுத்தத்தில் பிடிபட்ட ஆயிரக்கணக்கான கைதிகளைத் தென்னாபிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து 1900இல் அங்கேதான் அடைத்தார்கள். எதிரே புல் மலையில் நரி வடிவம் ஒன்று தெரியும். 'பொக்ஸ்' என்ற போர்க்கப்பலின் மாலுமிகள் போட்டு வைத்துவிட்டுப் போனது. நான் பள்ளிக்கூடம் போகும்போது பஸ் ஜன்னலால் அந்த நரியைப் பார்த்தால் அன்றைக்குப் பரீட்சை நன்றாக வரும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. கணக்குப் பாடத்துக்கு அது வேலை செய்யவில்லை.

பழைய கொடிக்காரன் எழுதியது:

மகள், நான் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு பேரும் ரோட்டையே சொல்கிறார்கள், கோச்சியை, அதாவது ரயிலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நானுஓயாவுக்கு 1885இல் வந்த ரயில் பாதை அப்புத்தளைக்கு ஏறி வர 1893 ஆகிவிட்டது. அடுத்த வருஷம் பண்டாரவளை. அங்கிருந்து பதுளைக்குப் போய்ச் சேர 1924. இந்தக் கடைசித் துண்டுக்கு முப்பது வருஷம் என்றால் மலை எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இலங்கையில் மிக உயரத்தில் உள்ள நிலையம் பட்டிப்பொல. அதற்கும் ஓஹியாவுக்கும் நடுவில் சுரங்கத்தில் நுழையும்போது மழை, வெளியே வரும்போது வெயில் என்பது ஆனி ஆடியில் நாங்கள் வழக்கமாகப் பார்ப்பது. தம்பி சொன்ன காற்றுக் கணக்குதான் அங்கேயும்.

நம்ம ஸ்டேஷனில் நீங்கள் பார்க்க வேண்டியது ஒரு வளையம். பிரம்பு வளையம், அதில் தோல் பை, பைக்குள் டேப்ளட் என்கிற வட்டத் தகடு. இது ஒற்றைப் பாதை. எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்துவிடக் கூடாது. இரண்டு ஸ்டேஷனிலும் ஒரே மாதிரிப் பெட்டி இருக்கும், மின்கம்பியால் இணைத்தது. ஒரு பக்கம் தகட்டை எடுத்துவிட்டால் அந்தத் துண்டுக்கு இன்னொரு தகடு எந்தப் பக்கமும் வெளியே வராது. கையில் தகடு இல்லாமல் டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்கு நகர முடியாது. வண்டி வரும்போது டிரைவர் பழைய வளையத்தைக் கீழே தருவார், புதியதை வாங்கிக்கொள்வார். நிற்காமல் போகிற வண்டி என்றால் தோளில் மாட்டுகிற மாதிரிக் கையை நீட்டி நிற்க வேண்டும். மழை நாளில் அது விளையாட்டில்லை, வளையம் முழங்கையில் வந்து விழுந்த இடம் எனக்கு இன்னும் குளிருக்கு வலிக்கும். பொடி மெனிக்கே வண்டியில் வருகிற வெள்ளைக்காரர்கள் எல்லோரும் வாசலில் தொங்கி மலையைப் படம் எடுப்பார்கள், காலுக்குக் கீழே நடக்கிற இதைப் பார்ப்பதில்லை.

ஒரு சனிக்கிழமை மூன்றாம் வகுப்பில் ஏறி இதல்கஸ்ஹின்னைக்குப் போங்கள். அடுத்த ஸ்டேஷன்தான். மலையின் முதுகில் நிற்கிற ஸ்டேஷன் அது, இரண்டு பக்கமும் பள்ளம். இறங்கிக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எதிர் வண்டியில் வரலாம். திரும்பி வருகிற வண்டி நேரத்தைப் போகும்போதே ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், வண்டிகள் குறைவு. மழைக்காலத்தில் பாறை விழுந்தோ மண் சரிந்தோ பாதை மூடினால் சேவையே நின்றுவிடும், அதையும் முதல் நாளே விசாரியுங்கள். தண்டவாளத்தில் நடந்து திரும்பலாம் என்று பையன்கள் சொல்வார்கள். சட்டப்படியும் கூடாது, என் அனுபவப்படியும் கூடாது. வளைவில் காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் எஞ்சின் சத்தம் கேட்காது.

எங்கள் ஸ்டேஷன் மேடையில் இன்னொரு கதையும் இருக்கிறது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போன தோட்டத்து ஆட்கள் தலைமன்னாருக்கு இங்கிருந்துதான் ஏறினார்கள். பாதிக் குடும்பம் பெட்டிக்குள், பாதிக் குடும்பம் மேடையில். ஒப்பாரிக் கோச்சி என்றுதான் பெயர். டவுனில் வயதானவர்கள் யாரிடமாவது கேட்டால் அவரவர் வீட்டிலிருந்து போனவர்களைச் சொல்வார்கள். நான் சொல்லப் போனால் நீளும்.

மட்டுநகர்த் தங்கை எழுதியது:

அண்ணா, அக்கா, ஐயா, மூன்று பேருக்கும் நன்றி. சந்தைக்குப் போய்விட்டு வந்தேன். மரத்தக்காளி வாங்கினேன், சீனி போட்டும் புளிக்கிறது, சட்னிதான் சரி. கருவாட்டுக் கடைக்காரர் என் பேச்சைக் கேட்டதுமே "மட்டக்களப்பா?" என்று கேட்டுவிட்டு நெத்தலியில் ஒரு கை கூடப் போட்டார்.

சனிக்கிழமை மடுவத்தில் நின்று பார்த்தேன். ஒரு அக்கா தராசைப் பார்க்கவே இல்லை, கணக்கப்பிள்ளையின் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணா, உங்கள் அம்மாயியின் வளையல் கணக்கு அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அடுத்தது தியலுமை நீர்வீழ்ச்சி என்று நினைக்கிறேன். பஸ்ஸில் முடியுமா? அலுவலகத்தில் ஒருவர் "மழை விட்டதும் போங்க, அப்பதான் தண்ணி" என்கிறார், இன்னொருவர் "மழைக்காலத்தில் அந்தப் பக்கமே போகாதீங்க" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

ஸ்டேண்ட் அண்ணன் எழுதியது:

இரண்டு பேர் சொல்வதும் சரி தங்கச்சி.

பஸ் சுலபம். இங்கிருந்து பெரகலைச் சந்திக்கு இறங்குங்கள். அங்கே வெல்லவாயப் பக்கம் போகிற பஸ் கிடைக்கும். கொஸ்லந்தை தாண்டினதும் ரோட்டிலிருந்தே தெரியும், கொண்டக்டரிடம் சொன்னால் முன்னாலேயே இறக்கி விடுவார். 220 மீற்றர், இலங்கையில் இரண்டாவது உயரம். முதலாவது பம்பரகந்தை, 263 மீற்றர். அதுவும் நமக்குக் கிட்டத்தான், பெரகலையிலிருந்து எதிர்ப்பக்கம், ஹல்துமுல்லை தாண்டிக் கலுப்பஹன சந்தியில் இறங்கி உள்ளே போக வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க ஆசைப்படாதீர்கள். தியலுமைக்கு இறங்க இறங்கக் காற்று மாறும், ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் வைப்பீர்கள், பாக்கு, மிளகுக் கொடி, வாழை என்று உங்களுக்குப் பழக்கமான மரங்கள் வரும். வீட்டு ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.

காலம் பற்றி. ஆகஸ்டில் போனால் பாறைதான் பார்க்கலாம், நடுவில் நூல் மாதிரித் தண்ணீர். ஒக்டோபர் பிறந்து மழை பிடித்தால் தண்ணீர் திரண்டு விழும். ஆனால் அந்த மாதங்களில்தான் மண்ணும் இறங்கும். கொஸ்லந்தைக்கு மேலே மீரியபெத்தைத் தோட்டம், 2014 ஒக்டோபர் 29, காலையில் லயங்கள் மேல் மலை வந்து விழுந்தது. அந்த ரோட்டில் ஹயர் போனால் நாங்கள் அந்த இடத்தில் பாட்டைக் குறைத்துவிடுவோம். அப்புத்தளை, ஹல்துமுல்லை இரண்டுக்கும் மண்சரிவு எச்சரிக்கை அடிக்கடி வரும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விடுகிற அறிவித்தலை ரேடியோவிலும் போனிலும் சொல்வார்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலை. மஞ்சள் என்றாலே அந்த வார இறுதியைச் சந்தையோடு முடித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தோதான மாதம் பெப்ரவரி. மழை விட்டிருக்கும், மலை இன்னும் தண்ணீரை விட்டுக்கொண்டிருக்கும்.

நீர்வீழ்ச்சியின் தலைக்கு ஏறுகிற பாதையும் இருக்கிறது, மேலே குளிக்கிற குழிகள் இருக்கின்றன. அங்கே தனியாகப் போகாதீர்கள், வழி தெரிந்த ஒருவரோடு போங்கள். பாறை வழுக்கும். விளிம்பில் நின்று படம் எடுக்கிற பைத்தியங்களைப் பின்பற்ற வேண்டாம்.

கடைசியாக ஒன்று, அட்டையைச் சொன்ன அக்கா குளவியைச் சொல்லவில்லை. தேயிலைக்குள்ளும் பாறை இடுக்கிலும் பெரிய மரக் கிளையிலும் கூடு இருக்கும். கொழுந்து எடுக்கிறவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு அதுவும் ஒரு காரணம். மலைக்குள் நடக்கும்போது யாராவது பெண்கள் தூரத்திலிருந்து கையைக் காட்டித் திரும்பிப் போகச் சொன்னால் ஏன் எதற்கு என்று கேட்காமல் திரும்புங்கள். ஒன்றிரண்டு தலையைச் சுற்றத் தொடங்கினால் கையை வீசாதீர்கள், முந்தானையோ சால்வையோ இருந்தால் முகத்தை மூடிக்கொண்டு வந்த வழியே சத்தம் போடாமல் இறங்கிவிடுங்கள்.